மீதி ஒன்று

கணவர் எழுதிவைத்த கணினி நிரல், அவர் இறந்த பிறகும் தன்பாட்டுக்குப் பங்குகளை வாங்கி விற்றுக்கொண்டிருந்தது. அதில் ஒரே ஒரு குறை. நூறு பங்கை மூன்று தடவையாக விற்றால், கடைசித் தடவையின் லாபத்தை மட்டும்தான் கணக்கில் சேர்க்கும். அவளும் நிரல் எழுதிப் பிழைப்பவள்தான். ஒரு முற்பகலில் உட்கார்ந்து சரிசெய்தாள்.

அன்றே நிரல் நூறு பங்கில் ஐம்பதை விற்றது. பிறகு இருபத்தைந்து, இன்னொரு இருபத்தைந்து. மூன்று லாபமும் சல்லிக்காசு பிசகாமல் கூடின. மீதி என்ற இடத்தில் மட்டும் பூஜ்யத்துக்குப் பதில் ஒன்று நின்றது.

தரகு நிறுவனத்துக்குப் போன் போட்டாள். "உங்க பேர்ல ஒரு பங்குகூட இல்லையே, மேடம்" என்றார்கள்.

நிரலைச் சல்லடை போட்டுத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.

கையால் விற்ற காலத்தில் அவர் எப்போதும் ஒரு பங்கை நிறுத்திக்கொள்வார். "எல்லாத்தையும் வித்துட்டா, அப்புறம் நாம எதைப் பாத்துட்டு உக்கார்றது?" என்பார். அந்தப் பழக்கத்தை நிரலில் எழுத அவள்தான் விடவில்லை.

"அழிச்சிடவாம்மா?" என்றாள் பின்னால் நின்ற மகள்.

"இருந்துட்டுப் போகட்டும்டி."

மறுநாள் சந்தைக்கு விடுமுறை. பழக்கதோஷத்தில் திரையைத் திறந்தாள். எல்லா எண்களும் நேற்றைய விலையிலேயே நின்றன. அந்த ஒன்றுக்கு எதிரே மட்டும் லாபம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

பக்கத்திலிருந்த அவர் நாற்காலியில் குவிந்து கிடந்த துணிமணிகளை எடுத்து வைத்துவிட்டு, அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.