ஒரே பந்தி

இந்தக் காலத்தில் யாருக்கும் வெட்கமே இல்லை. கிழங்கட்டைகளுக்குக்கூட.

சேவூரில் எங்கள் முதியோர் இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்தின் நடுவே ஒரு பலகைத் தடுப்பு உண்டு. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். நானும் மாங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டு வந்தேன். திடீரென்று ஒருநாள் அந்தப் பக்கத்து ரேணுகாம்பாள் வக்கீலைக் கூட்டிவந்து நிறுத்திவிட்டாள்.

“நான் ஒரு ஆம்பளை பக்கத்துல குந்திதான் துன்னணும்” என்றாள், கூடமே கேட்க.

“ரூல்ஸ் இருக்குதும்மா” என்றார் மேனேஜர்.

வக்கீல் ஜாக்குலின் விடவில்லை. “யார்கூட உக்காந்து சாப்புடறதுன்றது அவங்க உரிமை சார். இது ஜெயில் இல்ல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மேனேஜர் சொல்றதுதான் கரீட்டு. இந்த வயசுல ஆம்பளை பக்கத்துல இன்னா சோறு? கறுப்புக் கோட்டு பேச்சை எவன் நம்புவான்?”

“யோவ், நீ கம்முனு இரு” என்றாள் ரேணுகாம்பாள்.

மேனேஜர் தோற்றார். அன்றைக்கே தடுப்பைக் கழற்றினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

ரேணுகாம்பாள் தட்டோடு நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் தட்டிலிருந்த ஊறுகாயை வழித்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

“பிரஷரை வெச்சிகினு ஊறுகாயா துன்னுகினு கீறாரும்மா. கட்டிகினவ நான், பலகைக்கு அந்தாண்ட குந்திகினு எப்பிடித் தடுக்கறது?”

வக்கீல் சிரித்தாள். “பாத்தீங்களா தாத்தா, இதுதான் உரிமை.”

“அவளுக்கு உரிமை வந்துச்சு. என் ஊறுகா எங்கம்மா போச்சு?”

வெறும் மோர்ச்சோற்றை விழுங்கிவிட்டு எழுந்து நடந்தேன். உரிமையாம், உரிமை.