துரை வேஷம்

மலேசியாவின் பத்து பகாட் நகரத் தமிழ் நாடக மன்றத்துக்கு, ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையாக நடிக்க ஒருவர் தேவைப்பட்டார். ஆள் தேர்ந்தெடுத்தவர் இயக்குநர் லோகேஸ்வரன், மண்டபத்துக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர்.

போட்டிக்கு வந்தவர்கள் இருவர். துணி ஆலை யுகேந்திரன் ஒருவர். மற்றவர் மன்ற உறுப்பினர் பிரேமலாவின் கணவர் ஆல்பர்ட். மறுபடி ஒருமுறை மேடையேறிவிட வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தவர்.

ஆல்பர்ட் வசனத்தைப் பிசகில்லாமல் பேசினார். "ஏ தொழிலாளி! நாளை முதல் உனக்கு வேலை இல்லை!"

"அலமாக்! துரை இப்படியா பேசுவாரு?" என்று தலையில் அடித்துக்கொண்டார் லோகேஸ்வரன்.

"அந்தக் காலத்துத் துரைங்க தமிழ்ப் பரீட்சையே எழுதினவங்க, அண்ணே" என்றார் ஆல்பர்ட்.

"எழுதட்டும் லா. பாக்குற சனம் நம்ப வேணாமா?"

அடுத்து யுகேந்திரன் முழங்கினார். "ஏ டொலிலாலி! நால்லே முடல் உன்க்கு வேல்லே இல்லே, மேன்!"

மன்றமே எழுந்து கைதட்டியது. வேஷம் அவருக்கே.

பிரேமலாவுக்குப் பொறுக்கவில்லை. "என்ன அண்ணே இது? இவரு மான்செஸ்டர்ல பொறந்து, லண்டன் மேடையில இருபது வருஷம் நடிச்ச அசல் வெள்ளைக்காரரு!"

"சினிமா அனுபவம் இருக்கா?"

"சென்னையில ஒரே படம், கலெக்டர் வேஷம். அதுக்காகத்தான் தமிழே படிச்சாரு."

"குரல் இவரோடதா?"

ஆல்பர்ட் தலைகுனிந்தார். "இல்லைங்க. டப்பிங்ல என் குரலை எடுத்துட்டாங்க. எனக்குப் பேசினது சைதாப்பேட்டைக்காரர்."

லோகேஸ்வரன் முதன்முறையாகக் கண்ணாடியைக் கழற்றி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பாத்தியாம்மா? மான்செஸ்டர்ல பொறந்துட்டா மட்டும் போதுமா? வெள்ளைக்காரன் மாதிரி இருக்க வேணாமா லா?"