ரம்பத்து மூடி

மிஷின் ரம்பத்துக்கு இன்று மூடி இருந்தது.

கிழத் தச்சர் குனிந்து பார்த்தார். ஆறு மாதமாகப் பிளேடு அம்மணமாகத்தான் சுற்றியது. நேற்று பதினொரு மணிக்குக் கூட வேலை செய்யும் தவசியின் இரண்டு விரல்கள் மரத்தூளில் விழுந்தபோதும் அம்மணம்தான்.

இன்றைக்கு மட்டும் வெட்கம் வந்துவிட்டதாம்.

சூப்பர்வைசர் குணசீலன் ஒரு தாளையும் மைப்பெட்டியையும் நீட்டினான்.

"பத்து மணிக்கு லேபர் ஆபீசர் வர்றாரு. பாதுகாப்பு வகுப்புக்கு வந்தேன்னு எழுதியிருக்கு. ஒரு கைநாட்டு வை, பெருசு."

எந்த வகுப்பு? கட்டடம் ஒன்பது மாடி ஏறிவிட்டது. ரம்பத்தை இப்படிப் பிடி என்று ஒருத்தன் வந்து சொன்னதில்லை.

மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஆனாலும் எழுத்துக் கூட்ட வரும். தாளை வாங்கி, விரல் வைத்து நகர்த்தினார்.

த. வ. சி.

இவர் வகுப்புக்கு வந்ததற்குத் தவசி பேர் எதற்கு?

இன்னும் நகர்த்தினார்.

மூடியைத் தானே கழற்றினார். நான் பார்த்தேன்.

அந்த வரியை மறுபடி எழுத்துக் கூட்டினார்.

தவசி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இந்தத் தாள் போனால் தப்பு அவன் தலையில். மருந்துச் செலவும் அவன் தலையில்.

ரம்பம் வந்த பெட்டியைப் பிரித்த அன்றே மூடியைக் கழற்றிய கை எது? மூடி இருந்தால் கோடு தெரியாது, வேலை ஓடாது என்று சொன்ன வாய் எது?

அந்த மூடி இத்தனை நாள் எங்கே கிடந்தது என்று இந்த சைட்டில் எல்லாருக்கும் தெரியும். குணசீலனின் மேஜையில். மல்லாக்க. அவன் சிகரெட் தட்ட.

கேட்டில் ஆபீசரின் ஜீப் வந்து நின்றது.

"சீக்கிரம், பெருசு."

அவர் மைப்பெட்டியைத் தள்ளினார்.

ரம்பத்தின் பிளக்கைப் பிடுங்கினார். பிறகுதான் மூடிக்குள் கட்டை விரலை விட்டார்.

மூடிக்கு வெளியே பளபளவென்று துடைத்திருந்தான். உள்ளே துடைக்கத் தோன்றவில்லை.

விரல் சாம்பல் பூசிக்கொண்டு வந்தது.

"உன் மை எதுக்குடா? இதுலயே இருக்கே."

குணசீலன் தாளைப் பிடுங்க வந்தான். அது ஏற்கெனவே அவர் மடியில் இருந்தது.

ரம்பத்தைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

கட்டை விரலை மட்டும், வேட்டியில் பட்டுவிடாமல், தனியாகத் தூக்கிப் பிடித்திருந்தார்.