மூன்றாவது கல்

“இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், சூரிய சந்திரர் உள்ளவரை இந்த மேடு எங்கள் மாமன்னருக்கே சொந்தம்!” என்று முழங்கிய தளபதி, முழங்காலுயர எல்லைக்கல்லை நடச் சொன்னார்.

கூட்டத்தில் செங்கமலத்துக்கு மட்டும் வாயெல்லாம் பல். விடிந்தால் மகள் கல்யாணம். அண்டா ஏற்ற மூன்று கல் வேண்டும்; முந்தைய மன்னர்கள் இருவர் நட்டுப்போனவை கொல்லையில் தயாராக இருந்தன.

“சாமி, ராசா பேரு மண்ணுக்குள்ள போயிராம மேலாப்புல நடுங்க.”

இப்படியொரு ராஜபக்தியா என்று தளபதி நெகிழ்ந்துபோனார்.

“நல்ல சதுரம்டி,” என்று கணவன் கிசுகிசுத்தான்.

“சும்மா இருய்யா. மொகத்தைப் பவ்யமா வச்சுக்க.”

மறுநாள் மூன்று பேரரசுகளும் ஒற்றுமையாக நின்று அண்டாவைத் தாங்கின. சோறுதான் கொஞ்சம் குழைந்துவிட்டது.