இடது கன்னத்து மச்சம்

தவமணியின் லாரியில் அடிபட்டு ஒரு பெண் செத்துப்போய் நான்கு வருடமாகிறது. அன்றிலிருந்து அவன் வண்டியைத் தொடுவதில்லை. மரக்கடையில் பாரம் தூக்குகிறான். வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வருவான். ஒரு முழம் அவன் மனைவி பூரணத்துக்கு. மற்றதை ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவான். அது அங்கேயே வாடும். பூரணம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். ஜன்னலுக்குப் போவதில்தான் எப்போதும் பூ நெருக்கமாகக் கட்டியிருக்கும்.

இன்று அவன் உட்கார்ந்ததும் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"அந்த மகாராசி எப்படித்தான் இருப்பா?"

"ஒரு நொடிதான் பார்த்தேன் பூரணம். பச்சைப் புடவை. இடது கன்னத்துல மச்சம். ஏதோ சொல்ல வர்ற மாதிரி வாயைத் திறந்தா."

"ஒரு நொடியில இவ்வளவா! பதினோரு வருசமா உங்களுக்குச் சோறு போடுறேன். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க, என் முகத்துல மச்சம் எங்க இருக்கு?"

அவன் கண்களை மூடினான். கையை நீட்டி அவள் முகத்தைத் தேடினான். அவளுக்கு மச்சம் வலது புருவத்துக்கு மேலே. அவன் விரல் நெற்றிப் பக்கமே போகவில்லை. நேராக இடது கன்னத்தில் வந்து நின்றது.

"இங்க" என்றான்.

தட்டிவிடத்தான் கையை ஓங்கினாள். அந்த விரல் இல்லாத மச்சத்தை அங்கேயே தடவிக்கொண்டிருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். விரலடியில் அவள் கன்னம் அசைந்ததுமே, மூடிய கண் மூடியபடி இருக்க, அவன் வலது கால் பிரேக்கை மிதிப்பது போலத் தரையை அழுத்தத் தொடங்கியது.