அணிலம்மாவின் இருபது காசு

வேகவைத்த கடலை விற்கத் தொடங்கிய முதல் நாளே அணிலம்மாவின் டப்பாவில் இருபது காசு சேர்ந்துவிட்டது.

"கண்ணு, இருபதும் லாபம்! மழைக்கு முன்னாடி உனக்குக் கம்பளி வாங்கிடலாம்" என்று குட்டியிடம் சொன்னாள்.

அவளுக்குப் பச்சைக் கடலை கொண்டுவந்து கொடுக்கும் காக்கை சிரித்தது. "நாளைக்குக் கடலை வேண்டாமாக்கா? அதுக்குப் பன்னிரண்டு எடுத்து வை. விறகுக்கு நாலு, உப்புக்கு ஒண்ணு."

அணிலம்மா தனித்தனியாக எடுத்து வைத்தாள். மூன்று காசுதான் மிஞ்சியது. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். யாரும் திருடவில்லை, பிறகு எப்படிக் குறைந்தது?

"இந்த மூணு காசாவது என்னோடதுதானே?"

"உன்னோடதுதான். ஆனா, பானையில விக்காம இருந்த கடலை எங்கே?"

குட்டியின் கன்னங்கள் உப்பியிருந்தன.

"இதையும் கழிக்கணுமா?" அணிலம்மா மூன்று காசையும் பொத்திக்கொண்டாள்.

பயந்துபோன குட்டி, வாயிலிருந்த கடலைகளை ஒவ்வொன்றாகப் பானைக்குள் துப்பியது.

அணிலம்மா அவற்றைப் பொறுக்கித் துடைத்து, மறுபடி அதன் வாயில் வைத்தாள். பிறகு தன்னுடைய மூன்று காசில் ஒன்றை எடுத்துக் கடலைக்கான பன்னிரண்டோடு சேர்த்தாள்.

"தின்னு கண்ணு. நீயும் நம்ம கடைக்கு வாடிக்கைதான்."

குட்டி மென்றுகொண்டே கேட்டது: "அப்போ, எனக்குக் கொசுறு?"