டிரெய்லரைக் காணோம்

“பூட்டை உடைக்கவே இல்லையேம்மா?” என்றார் சர்வேயர்.

குதிரை லாயத்துக்குப் பின்னால், டிரெய்லர் நின்றிருந்த இடத்தில் புல் வெளுத்துக் கிடந்தது. சக்கரத்துக்குப் போடும் பூட்டும் இழுவைக் கொக்கிக்குப் போடும் பூட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் சுவர் ஆணியில் தொங்கின. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எத்தனையோ திருட்டைப் பார்த்தவர் அவர். திறந்த பூட்டை ஒழுங்காக மாட்டிவிட்டுப் போகிற திருடனை இப்போதுதான் பார்க்கிறார்.

“நல்ல திருடன் போல சார்” என்றாள் லாயத்துக்காரி. குதிரைச் சாணம் அள்ளிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. கண்கள் இரண்டும் தூங்கிப் பல நாள் ஆனது போல் உள்ளே போயிருந்தன.

“சாவி யார் யார்கிட்ட இருக்கு?”

“என்கிட்ட ஒண்ணு, தம்பிகிட்ட ஒண்ணு. அவன்தான் ஓட்டுறவன்.”

“தம்பி எங்க?”

“வெளிய போயிருக்கான்.”

“எப்ப வருவார்?”

“தெரியல சார்.”

சர்வேயர் பெருமூச்சு விட்டார். காலையிலிருந்து வெயிலில் அலைந்தாயிற்று. புது ஷூவில் வேறு சாணம் ஒட்டியிருந்தது.

“இழுத்துட்டுப் போன ஜீப்பும் உங்களோடதுதானே? அதைப் பத்திப் புகார்ல ஒண்ணுமே இல்லையே?”

“அது பழைய ஜீப் சார், போனாப் போகுது. டிரெய்லர்ல டிராக்கர் மாட்டினாத்தான் பாலிசின்னு நீங்கதானே சொன்னீங்க? அது எங்க நிக்குதுன்னு பார்த்துச் சொல்லுங்க.”

“திருட்டுதான்னு நீங்க எழுதிக் குடுத்தாத்தான் கம்பெனி அதைத் திறந்து பார்க்கும். சும்மா கேட்டாச் சொல்ல மாட்டாங்க. சரி, டிரெய்லர் கடைசியா எப்ப ஓடுச்சு?”

இப்போதுதான் அவள் கை நின்றது.

“போன மாசம். ஒருத்தரோட குதிரையைப் பந்தயத்துக்கு ஏத்திட்டுப் போனான் தம்பி. வழியில அதுக்கு வயித்து வலி வந்து, டாக்டர் வர்றதுக்குள்ள டிரெய்லர்லயே உயிர் போயிருச்சு. அப்புறம் எங்களை நம்பி யாரும் குதிரையை அனுப்பல.”

சர்வேயருக்குக் கணக்கு நேராகிவிட்டது. தொழில் படுத்துவிட்டது; சும்மா நிற்கிற டிரெய்லரைத் திருடன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் அக்காவும் தம்பியும். கோபம்கூட வரவில்லை அவருக்கு. அலுப்பாக இருந்தது.

“வெளிப்படையாவே சொல்றேம்மா. வீட்டு ஆளே எங்கயாவது கொண்டுபோய் ஒளிச்சு வச்சுட்டு, திருட்டுன்னு சொல்றது எங்களுக்குப் புதுசு இல்ல. பொய்னு தெரிஞ்சா பாலிசி போயிரும், உங்க மேலயே கேஸ் வரும். இப்பவே வாபஸ் வாங்கிக்குங்க. நானும் ஒண்ணும் தெரியாத மாதிரி கிளம்பிடுறேன்.”

“திருட்டுதான் சார். கையெழுத்து எங்க போடணும்?”

இதற்கு மேல் என்ன சொல்வது? கையெழுத்தை வாங்கிக்கொண்டு ஆபீசுக்கு போன் போட்டார். பதில் வரும்வரை வைக்கோல் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து ஷூவைத் துடைத்தார். அவள் உட்காரவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பதில் வந்தது. பழைய கல்குவாரி ஒன்றின் விளிம்பில் டிரெய்லர் அசையாமல் நிற்கிறதாம்.

அவள் முகம் வெளிறிப் போனது. “அந்தக் குவாரியில தண்ணி ஆழமா சார்?”

“ஏன், உள்ள தள்ளிட்டா தடயம் போயிரும்னா?”

அவள் வாசல்வரை போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். “பக்கத்துல யாராவது இருந்தா உடனே போகச் சொல்லுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

வண்டி மீட்கிற ஆள் ஒருவர் அந்தப் பக்கம்தான் இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். சர்வேயர் ஸ்பீக்கரில் போட்டார். குட்டு உடைவது அவள் காதிலும் விழட்டும் என்று.

“சார், டிரெய்லர் கிடைச்சிருச்சு! ஒரு சேதாரமும் இல்ல. திருடனும் உள்ளயே இருக்கான். குதிரை நிக்கிற இடத்துல சுருண்டு படுத்துக் கிடந்தான். எழுப்பினா ஓடக்கூட இல்ல, பேந்தப் பேந்த முழிக்கிறான். போலீஸைக் கூப்பிடவா?”

அவள் லாயத்துக் கதவைப் பிடித்தபடி அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

“கூப்பிடு, கூப்பிடு” என்றார் சர்வேயர்.

“வேண்டாம் சார், அது என் தம்பி” என்றாள். “மொதல்ல போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போனேன். ‘தம்பியைக் காணோம், அந்தக் குதிரை செத்ததுலேருந்து அவன் அவனா இல்ல, பயமா இருக்கு’ன்னு சொன்னேன். ‘வளர்ந்த ஆம்பளை, தானா வருவார் போங்க’ன்னு அனுப்பிட்டாங்க. டிரெய்லரைக் காணோம்னு சொன்னாத்தான் தேடுவீங்கன்னு…”

சர்வேயர் வைக்கோல் கட்டிலிருந்து எழுந்தார்.

“சார்? லைன்ல இருக்கீங்களா? இவனை என்ன பண்ணட்டும்?”

சர்வேயர் குனிந்து போனை அவள் கையில் கொடுத்தார். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, அவனைத் திட்டாதீங்க. சாப்பிட்டானான்னு கேளுங்க.”